கம்ப்யூட்டருக்கு மாமா செய்த ஆயுத பூஜை

எங்கள் வீட்டில் ஒரு பொருள் நாலு நாள் அசையாமல் இருந்தால் போதும், மாமா அதற்கு ஒரு சிவப்பு ரிப்பன் கட்டிவிடுவார். அது அம்மாவின் தையல் மிஷினாக இருந்தாலும் சரி, ஒற்றைக் கால் போன என் பொம்மையாக இருந்தாலும் சரி. ரிப்பன் கட்டிய பொருள் தனக்கு வேண்டும் என்று யாராவது வந்து காரணம் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அது வாசலுக்குப் போகும், வாசலிலிருந்து பழைய இரும்பு எடுக்கிறவர் வண்டிக்குப் போகும்.

மாமா என்றால் அம்மாவின் கூடப்பிறந்த தம்பி. எங்களோடுதான் இருந்தார். ஒரகடத்தில் கார் சாமான் செய்கிற ஒரு கம்பெனியில் வேலை. அங்கே ஃபைவ் எஸ் என்று ஒரு சட்டம் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். வேண்டியது, வேண்டாதது என்று பிரிக்க வேண்டும், வேண்டாததைத் தூக்க வேண்டும், மிச்சத்தைத் துடைத்து அதனதன் இடத்தில் வைக்க வேண்டும். கம்பெனிக்கு அது நல்ல சட்டமாகத்தான் இருந்திருக்கும். மாமா அதை வீட்டுக்குக் கொண்டுவந்ததுதான் வினை.

"டேய், இது கம்பெனி இல்லடா, வூடு. நாளைக்கு எனக்கும் ஒரு ரிப்பன் கட்டுவியா?" என்பாள் அம்மா.

"நீ டெய்லி யூஸ்ல கீறக்கா. உனக்குக் கட்ட மாட்டேன்."

அந்த வருஷம் புரட்டாசி முழுக்க மாமா வீட்டிலேயே இருந்தார். கம்பெனியில் ஷட்டவுன், புது மிஷின் இறக்குகிறார்கள், முடிந்ததும் கூப்பிடுவார்கள் என்று சொன்னார். முன்பு ஞாயிற்றுக்கிழமை மட்டும் நடந்த ரிப்பன் வேலை தினமும் நடந்தது. பள்ளிக்கூடம் விட்டு வந்தால் என் பென்சில் டப்பா எங்கே இருக்கும் என்று எனக்கே தெரியாது. இந்தக் கம்பெனிக்காரன் எப்போதுதான் இவரைக் கூப்பிடுவானோ என்று சாமி விளக்கு முன்னால் நின்று நான் வேண்டிக்கொண்டதுண்டு.

வடக்குப்பட்டில் எங்கள் வீட்டின் முன் அறைதான் அப்பாவின் ஸ்டுடியோ. கல்யாணம், காதுகுத்து, திருவிழா எல்லாவற்றுக்கும் அப்பாதான் போட்டோ. மற்ற நாளில் பாஸ்போர்ட் சைஸ் எடுக்க ஆள் வருவார்கள். எடுத்த படமெல்லாம் ஒரே ஒரு கம்ப்யூட்டருக்குள் இருந்தது. கேமராவுக்குள் போடுகிற கார்டை அடுத்த வேலைக்கு அழித்துவிடுவார் என்பதால் படம் வேறு எங்கும் இருக்காது. அப்போது அதற்குள் இருந்தது பக்கத்துத் தெருப் பெண் ஒருத்தியின் கல்யாணம். ஆவணியில் நடந்தது. தலை தீபாவளிக்குப் பெண்ணும் மாப்பிள்ளையும் வரும்போது ஆல்பம் கையில் இருக்க வேண்டும் என்று பேச்சு. அந்தப் பெண்ணின் அப்பாவுக்கு இரண்டு கண்ணும் மங்கிக்கொண்டே வந்தது. பார்வை இருக்கும்போதே மகள் கல்யாணத்தை ஒருமுறை நிதானமாகப் பார்த்துவிட வேண்டும், எல்லாப் படத்தையும் பெரியதாகப் போட்டுக்கொடு என்று அவரே நேரில் வந்து கேட்டுக்கொண்டு போயிருந்தார்.

ஆயுத பூஜை அன்று அப்பாவுக்கு ஓய்வே இருக்காது. ஒவ்வொரு கம்பெனியிலும் மிஷினுக்கெல்லாம் மாலை போட்டுப் பூசணிக்காய் உடைப்பார்கள், அதைப் படம் எடுக்க விடியும்போதே கிளம்பிவிடுவார். வீட்டைச் சுத்தம் செய்கிற பொறுப்பு மாமாவுக்கு. வேறு யாருக்குக் கொடுத்தாலும் அவர் விட்டிருக்கவும் மாட்டார்.

ஸ்டுடியோவில் ஃபேனைக் கழற்றித் துடைத்தார். குடை லைட்டைத் துடைத்தார். கம்ப்யூட்டர் பெட்டியைத் திறந்து பெயின்ட் பிரஷ்ஷால் தூசி தட்டி மூடினார். அதோடு நிறுத்தியிருக்கலாம். "வெளியதான் க்ளீன் ஆச்சி. உள்ள?" என்று என்னைப் பார்த்துக் கேட்டுவிட்டு, நாற்காலியில் உட்கார்ந்து கம்ப்யூட்டரைப் போட்டார்.

அவருடைய சிநேகிதர் யாரோ கொடுத்த சுத்தம் செய்கிற புரோகிராம் ஒன்று அதில் இருந்தது. திரையில் ஒரு துடைப்பம் ஆடியது. பக்கத்தில் உட்கார்ந்து நான் பொரி தின்றுகொண்டிருந்தேன். அது கட்டம் கட்டமாகக் காட்டி இதை எடுக்கட்டுமா, அதை எடுக்கட்டுமா என்று கேட்டது. மாமா எல்லாக் கட்டத்திலும் டிக் போட்டார்.

"இத பாரு, எல்லாம் ஒரே மாதிரி ரெண்டு ரெண்டா கீது. ஒரே சாமான் எதுக்கு ரெண்டு?"

அப்பா திருத்திய படம் ஒன்று, திருத்தாத படம் ஒன்று என்று இரண்டாக வைத்திருப்பார். அது எனக்கே தெரியும். "அப்பா வந்ததும் கேட்டுக்கலாம் மாமா" என்றேன்.

"கேட்டா எல்லாமே வேணும்னுவாரு. எங்க கம்பெனி லைன்லயும் இப்டித்தான்."

ஒன்றை விட்டு ஒன்றை எடுக்கும் பொறுமையும் அவருக்கு இல்லை. இரண்டு பக்கமும் டிக் போட்டு அமுக்கினார். பச்சைக் கோடு ஒன்று இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு ஓடியது. "எவ்ளோ குப்பை போச்சி பாத்தியா!" என்று என் தலையில் தட்டிவிட்டு, அணைத்துப் போட்டார்.

கம்ப்யூட்டர் வரவில்லை. கறுப்புத் திரையில் வெள்ளையாக ஒரு வரி இங்கிலீஷ் மட்டும் வந்து நின்றது. எழுத்துக்கூட்டிப் படித்தேன். கிளம்புவதற்கு வேண்டிய எதையோ காணவில்லை என்கிறது என்று மட்டும் புரிந்தது. மாமா மறுபடி அணைத்துப் போட்டார். வயரைப் பிடுங்கிச் சொருகினார். பெட்டியின் பக்கவாட்டில் இரண்டு தட்டுத் தட்டினார். அந்த வரி போகவே இல்லை. பிறகு, "ஒண்ணுமில்ல, சிடி போட்டு எல்லாத்தையும் புச்சா ஏத்திட்டா சரியாப் பூடும்" என்று சொல்லிச் சட்டையை மாட்டிக்கொண்டு, சிநேகிதரிடம் சிடி வாங்க ஷேர் ஆட்டோவில் மறைமலை நகருக்குப் போனார்.

அவர் திரும்பி வருவதற்குள் அம்மா பூஜையைத் தொடங்கிவிட்டாள். என் புத்தகம், அரிவாள்மனை, தையல் மிஷின், கம்ப்யூட்டர் எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தாள். பெட்டியின் தலையில் சாமந்திச் சரம் சுற்றினாள். கற்பூரம் காட்டி முடிக்கவும் மாமா வியர்த்து ஓடிவரவும் சரியாக இருந்தது.

"அக்கா, கம்ப்யூட்டரை மட்டும் குட்க்கா. கொஞ்ச நேர வேலை."

"தீபாராதனை காட்டியாச்சி. நாளைக்கு மறுபூஜை போட்டப்புறந்தான் எதையும் தொடணும்."

"அதுக்கு ஒடம்பு சரியில்லாம கீதுக்கா."

"அப்ப சாமிகிட்டயே இருக்கட்டும்."

பொழுது சாய்ந்து அப்பா வந்தார். காலையிலிருந்து எடுத்ததை ஏற்றிவிட்டுக் கார்டைக் காலி செய்ய நினைத்தவரிடம், மாமா வாசற்படியில் நின்றபடியே விஷயத்தைச் சொன்னார்.

"குப்பையத்தான் மாமா எட்த்தேன்."

"அந்தப் பொண்ணு கல்யாணம் உனக்குக் குப்பையாடா?" அப்பா தோளிலிருந்து கேமராப் பையைக்கூட இறக்கவில்லை. "தாலி கட்டினவனை மறுபடி வந்து கட்டச் சொல்வியா? ஐயரு மறுபடி மந்திரம் சொல்வாரா? கண்ணு தெரியாத அந்த மனுசன்கிட்ட நான் போய் இன்னான்னு சொல்றது?"

"புச்சா ஏத்திட்டா..."

"ஏத்து. இப்பவே ஏத்து. இன்னா எழவு வருதுன்னு பாக்கலாம்."

இருவரும் பூஜைப் பலகையை நோக்கி நடந்தார்கள். அம்மா நடுவில் வந்து இரண்டு கையையும் விரித்து நின்றுவிட்டாள். வருஷம் முழுக்கச் சோறு போடுகிற சாமான், ஒரு ராத்திரி சாமி பாதத்தில் இருக்கக் கூடாதா என்றாள். அப்பா கத்தினார், மாமா கெஞ்சினார், அவள் நகரவில்லை. அந்த நேரம் பார்த்துக் கல்யாணப் பெண்ணின் அம்மா தட்டில் பொரியும் சுண்டலும் எடுத்துக்கொண்டு வந்தாள். "ஆல்பம் ஆய்ட்ச்சாண்ணே? அவரு தெனம் கேட்டுக்கினே கீறாரு" என்றாள். "ஆய்டும்மா" என்று சொல்லி அப்பா தட்டை வாங்கிக்கொண்டார். அன்று எல்லோர் பங்குச் சுண்டலையும் நான்தான் தின்றேன்.

மறுநாள் அம்மா பால் வைத்து, மறுபூஜை போட்டு, பெட்டியை எடுத்துக் கொடுத்தாள். சிங்கப்பெருமாள் கோவில் நரசிம்மருக்கு நெய்விளக்கு வேண்டிக்கொண்டு, குங்குமத்தைத் துடைக்கக் கூடாது என்றும் சொல்லி அனுப்பினாள். அப்பா வண்டி ஓட்ட, மாமா பின்னால் பெட்டியை மடியில் வைத்துக்கொள்ள, நான் முன்னால் நின்றுகொண்டேன். மறைமலை நகரில் கம்ப்யூட்டர் ரிப்பேர் செய்கிற அண்ணன் ஒருவர், தென்காசிப் பக்கத்துக்காரர், விஜயதசமி ஆயிற்றே என்று கடை திறந்து வைத்திருந்தார். பெட்டியைப் பார்த்ததும் சிரித்துவிட்டார்.

"என்னண்ணே, ரிப்பேருக்குக் கொண்டாந்தீயளா, கல்யாணம் பண்ணிக்குடுக்கக் கொண்டாந்தீயளா?"

அப்பா சிரிக்கவில்லை. நடந்ததையெல்லாம் கேட்ட அந்த அண்ணன், "இதுக்கு மேல வேற எதுவும் ஏத்தலைல்லா?" என்று கேட்டார். மாமா சிடியை மெதுவாகச் சட்டைக்குள் விட்டுக்கொண்டார்.

"அழிச்சாலும் படம் அங்கனயேதான் கெடக்கும், பேருதான் போவும். அது மேல புதுசா ஏத்தியிருந்தீயன்னா, அந்தக் கல்யாணத்தை மறந்துர வேண்டியதுதான். யாரு தடுத்தாவளோ, அவியளுக்கு ஒரு கும்பிடு போடுங்க."

அப்பா என் பக்கம் குனிந்து, "இதை உங்கம்மாகிட்ட சொல்லிடாத. சாவுற வரைக்கும் சொல்லிக் காட்டுவா" என்றார். வீட்டுக்குப் போனதும் நான் சொன்ன முதல் சேதியே அதுதான். அது சரஸ்வதி தாயார் எங்களுக்குப் போட்ட காவல் என்று அம்மா சொன்னாள். நானும் அப்படித்தான் நம்புகிறேன். பூஜையில் வைத்ததை மறுபூஜை போடாமல் இன்றைக்கும் என் வீட்டில் யாரும் தொட முடியாது.

கடையில் மத்தியானத்துக்கு மேல்தான் படங்கள் ஒன்றொன்றாகத் திரையில் வரத் தொடங்கின. பெயர் இல்லை, வெறும் நம்பர்தான். வரிசையும் இல்லை. முதலில் பந்தி. அப்புறம் நலங்கு. அப்புறம் அந்தப் பெண்ணின் கழுத்தில் ஏறுகிற தாலி. "நரசிம்மா" என்று சொல்லி அப்பா முக்காலியில் உட்கார்ந்தார்.

தாலிக்கு அடுத்தது மாமா வந்தார். வெள்ளைத் துணிக்கு முன்னால், விறைப்பாக, மார்பளவு. அப்புறம் மாலை மாற்றுவது. மறுபடி மாமா, நீலச் சட்டையில். பெண்ணின் அப்பா தாரை வார்ப்பது. மறுபடி மாமா, மீசையை ஒதுக்கி. கோடு போட்ட சட்டையில் ஒருமுறை, அப்பாவின் சட்டையில்கூட ஒருமுறை.

"ஐ, மாமா! பொண்ணு பாக்கக் குடுக்கறதுக்கா இவ்ளோ போட்டோ?" என்று நான் கத்தினேன்.

"அழிச்சதெல்லாம் சேந்துதான்மா வரும். நாம கேட்டது மட்டும் வராது" என்றார் கடைக்கார அண்ணன்.

மாமா எங்களைப் பார்க்காமல் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்பா திரையைப் பார்த்தார், மாமாவைப் பார்த்தார், மறுபடி திரையைப் பார்த்தார். காலையிலிருந்து சேர்த்து வைத்திருந்த திட்டெல்லாம் இப்போது கொட்டப்போகிறது என்று நான் ஆவலாகக் காத்திருந்தேன்.

"மச்சான், லைட்டை இன்னும் கொஞ்சம் மேல வச்சிருக்கணும். மொகம் இருட்டா கீது" என்றார் அப்பா. "நாளைக்கு நான் எடுத்துக் குடுக்கறேன்."

எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சமல்ல. கம்ப்யூட்டரைக் கெடுத்து, பண்டிகையைக் கெடுத்தவருக்குப் போட்டோவா? அப்பா பாஸ்போர்ட் சைஸ் எடுத்தே காலம் தள்ளியவர். வேலை கிடைத்தவன் அடுத்த மாதம் மறுபடி போட்டோவுக்கு வர மாட்டான் என்பது அவருக்குத் தெரியும். கான்ட்ராக்ட் ஆட்களையெல்லாம் மாமாவின் கம்பெனி ஆடியிலேயே நிறுத்திவிட்டது என்பதும், ஷட்டவுன் என்று ஒன்று நடக்கவே இல்லை என்பதும் எனக்குத் தெரியவந்தது வெகுகாலம் கழித்துத்தான்.

மறுநாள் காலை அம்மா மாமாவின் வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டுக் கொடுத்தாள். வெளிச்சம் முகத்தில் அடிக்க வேண்டும் என்று அப்பா ஒரு பெரிய தெர்மாகோல் பலகையை என் கையில் கொடுத்துத் தூக்கிப் பிடிக்கச் சொன்னார். மாமாவின் காலரை அவரே சரிசெய்துவிட்டு, கேமராவுக்குப் பின்னால் போனார்.

"தலைய நிமித்து மச்சான்."

மாமா கொஞ்சம் நிமிர்ந்தார். மறுபடி குனிந்துகொண்டார்.

"நிமித்து. நல்லா நிமித்து."

அவருக்கு அது வரவே இல்லை. தலையைத் தூக்குவதில் அப்படி என்ன கஷ்டம் என்று எனக்கு எரிச்சல் எரிச்சலாக வந்தது. "சீக்கிரம் நிமிருங்க மாமா, எனக்குக் கை வலிக்குது" என்றேன்.