பன்னிரண்டாவது வீடு

புளித் தண்ணீரில் ஒருமுறை, தேங்காய் எண்ணெயில் ஒருமுறை, கடலை மாவு தேய்த்து மறுபடியும் ஒருமுறை. அதன் பிறகும் டெய்சிக்கு நம்பிக்கை வருவதில்லை. வலது கைக் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் நாக்கில் வைத்துப் பார்க்கிறாள். காரம் இல்லை என்று தெரிந்த பிறகுதான் குழாயை மூடுகிறாள்.

திண்டுக்கல்லில் மாவு மில் நடத்தும் கை அது. ஐம்பத்திரண்டு வயதில் பாதியை அந்தக் கை மிளகாயிலும் மல்லியிலும் மஞ்சளிலும் கழித்திருக்கிறது. மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை காலைப் பூசை முடிந்ததும், கோவிலுக்கு வர முடியாமல் படுக்கையில் கிடக்கிறவர்களுக்கு அவள் ஆண்டவரின் உடலாக வாங்கி உண்ணும் நற்கருணை அப்பத்தைக் கொண்டுபோக வேண்டும். பங்குக் கோவிலில் இதற்கென்று நியமிக்கப்பட்ட நான்கு பேரில் அவளும் ஒருத்தி. ஆறு வருடங்களுக்கு முன், பொறுப்பேற்ற முதல் மாதம், வியாழக்கிழமை முழுக்க குண்டு வத்தல் அரைத்துவிட்டு வெறும் சோப்புப் போட்டுக் கழுவிய கையோடு கிளம்பிவிட்டாள். எண்பது வயது சூசைமுத்து நாக்கை நீட்டி வாங்கினார், கண்ணை மூடிச் செபித்தார், சற்று நேரம் கழித்துக் கண்ணைத் திறந்தார்.

"ஏத்தா, இம்புட்டு நாளா ஆண்டவரு சப்புன்னுதான இருந்தாரு. இன்னைக்கு என்ன காரமா இருக்காரு?"

அன்றிலிருந்து, முதல் வெள்ளிக்கு முந்தின நாள் டெய்சி மில்லில் வத்தல் அரைபடுவதில்லை. பக்கத்துத் தெரு பாஸிலா மட்டும் அதை மறந்துவிட்டு மாதாமாதம் தூக்குவாளியோடு வந்து நிற்பாள்.

"உங்க கோவிலுக்காக எங்க வீட்டுக் கொழம்பு வெள்ளையா இருக்கணுமாக்கா?"

"பொதன்கெழமையே கொண்டாந்தா ஏன் வெள்ளையா இருக்கப் போகுது? வச்சிட்டுப் போ. சனிக்கெழம அரைச்சுத் தாரேன்."

வெள்ளிக்கிழமை அவள் வேறு ஆள். நற்கருணைச் சிமிழை ஒரு சின்னத் துணிப்பையில் வைத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டால், செபம் தவிர வேறு வார்த்தை வாயிலிருந்து வராது. ஸ்கூட்டியில் போகும்போது யார் கூப்பிட்டாலும் தலையை அசைப்பதோடு சரி. ஒருமுறை போக்குவரத்துக் காவலர் மதியழகன் ஹெல்மெட் இல்லாததற்காக நிறுத்தி, பேர் கேட்டார், ஊர் கேட்டார், லைசென்ஸ் கேட்டார். டெய்சி மார்பில் தொங்கிய பையைத் தொட்டுக் காட்டிவிட்டு நின்றாள். வாய் பேசாத பெண் என்று நினைத்து இரக்கப்பட்டு விட்டுவிட்டார். மறுநாள் கோதுமையோடு மில்லுக்கு வந்தவர் வாசலிலேயே நின்றுவிட்டார். "ஏக்கா, நேத்து உனக்கு வாயே இல்ல. இன்னைக்கு மெசின் சத்தத்துக்கு மேல கேக்குது."

அப்படி ஒரு விதி சபையில் கிடையாது என்று பங்குத்தந்தை சார்லஸ் இரண்டு தடவை சொல்லியிருக்கிறார். டெய்சி ஒத்துக்கொள்வதில்லை. "ஒருத்தரக் கூட்டிக்கிட்டுப் போறப்ப அவர விட்டுட்டு மத்தவங்ககிட்ட பேசுனா நல்லாவா இருக்கும் சாமி?" இதில் பக்தி எவ்வளவு, பிடிவாதம் எவ்வளவு என்று சலித்துப் பிரிப்பது கடினம். பேசாமல் விட்டதையெல்லாம் பேச அவள் சனிக்கிழமை மத்தியானம் அதே வீடுகளுக்கு மறுபடியும் போகிறாள். நகம் வெட்டுகிறாள், படுக்கைப் புண்ணுக்குப் பவுடர் போடுகிறாள், ரெக்சின் விரிப்பை மாற்றாத மருமகள்களைத் திட்டுகிறாள். "நேத்து ஆண்டவரு வந்தாரு. இன்னைக்கு நான் வந்துருக்கேன்" என்று சொல்லிக்கொண்டுதான் வாசல்படி ஏறுவாள். நோயாளிகளில் சிலர் சனிக்கிழமையைத்தான் அதிகம் எதிர்பார்க்கிறார்கள் என்பது அவளுக்குத் தெரியும். அதற்காக அவள் பெருமைப்பட்டதும் இல்லை, வருத்தப்பட்டதும் இல்லை.

அவளுக்குப் பன்னிரண்டு வீடுகள். பன்னிரண்டு அப்பம் வாங்கிக்கொண்டு போவாள். பதினான்கு மாதங்களாக ஒன்று திரும்பி வந்து, கோவிலில் நற்கருணைப் பேழைக்குள் போய்விடுகிறது. பன்னிரண்டாவது வீடு அவளுடைய நாத்தனார் ரோசலினின் வீடு.

டெய்சியின் கணவன் பிரான்சிஸ் ஏழு வருடங்களுக்கு முன் ஈரலில் புற்று வந்து வீட்டிலேயே கிடந்து இறந்தான். கடைசி நாள் சாயங்காலம், அவனுடைய அக்கா ரோசலின் டெய்சியை அடுப்படிக்குக் கூட்டிப்போய், சாமியாரை வரச்சொல் என்றாள். சாகக் கிடக்கிறவர்களுக்குக் குருவானவர் வந்து எண்ணெய் பூசிச் செபிக்க வேண்டும். சபைப் புத்தகங்கள் அதை இப்போது நோயில்பூசுதல் என்கின்றன. நோயாளி தேறுவதற்காகவும்தான் என்று விளக்குகின்றன. தெருவில் அதற்கு இன்னும் அவஸ்தைப் பூசுதல் என்றுதான் பெயர். பாதிரியார் கைப்பையோடு படியேறினால் மூன்றாம் நாள் சவப்பெட்டி வரும் என்று ஒரு பயம் எல்லா வீட்டிலும் இருக்கிறது. "சாமி மதுரைக்குப் போயிருக்காராம் மதினி. காலைலதான் வருவாராம்" என்றாள் டெய்சி. விடியும் முன்பே பிரான்சிஸ் போய்விட்டான். அடக்கம் முடிந்து திரும்பும்போது, கோவில் வேலைகளைப் பார்க்கும் கோவில்பிள்ளை ரோசலினிடம் வாய்தவறிச் சொன்னார். அப்போதிருந்த பங்குத்தந்தை அன்று இரவு முழுக்கத் தன் அறையில்தான் இருந்திருக்கிறார். மதுரைக்குப் போகவே இல்லை.

அன்றோடு ரோசலின் பேச்சை நிறுத்திவிட்டாள். யாரோ அப்படிச் சொன்னார்கள், நான் நம்பிவிட்டேன் என்று டெய்சி எல்லோரிடமும் சொல்லிவந்தாள். குருவானவரிடம் பாவங்களை அறிக்கையிடும் பாவசங்கீர்த்தனத்தில் மட்டும் உண்மையைச் சொன்னாள். குருவானவர் மன்னிப்பு வழங்கினார். கடவுளோடு இருந்த கணக்கு தீர்ந்தது. நாத்தனாரிடம் அதை அவள் சொல்லவில்லை. ஒன்று நடந்தால் மற்றது தானாக நடந்துவிடாது என்பது அவளுக்குத் தெரிந்தே இருந்தது. அடுத்த வருடமே நோயாளிகளுக்கு நற்கருணை கொண்டுபோகப் பெயர் கொடுத்தாள்.

பக்கவாதத்தில் ரோசலினின் வலது பக்கம் விழுந்தபோது, அந்த வீடு டெய்சியின் பட்டியலுக்கு வந்தது. ரோசலின் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டாள். "அவ கையால எனக்கு வேணாம். பட்டினியாவே கெடக்கேன்." கிறிஸ்துமஸுக்கும் ஈஸ்டருக்கும் சார்லஸ் சாமி போகும்போது மட்டும் வாங்கிக்கொண்டாள். மற்ற மாதங்களில் டெய்சி போவாள், செபத்தை வேகவேகமாகச் சொல்லுவாள், திரும்பிய முதுகுக்கு முன்னால் ஐந்து நிமிடம் நிற்பாள், வருவாள். அந்த வீட்டுக்கு மட்டும் அவள் சனிக்கிழமை போனதில்லை.

"வேற ஆள அனுப்புறேம்மா" என்றார் சார்லஸ்.

"அது எங்க வீட்டு ஆளு சாமி. வேற ஆள் எதுக்கு?"

"அவங்களுக்காகப் போறீங்களா, உங்களுக்காகப் போறீங்களா?"

அடுத்த மாதமும் டெய்சிதான் போனாள்.

இந்த மாதம் வியாழக்கிழமை சாயங்காலம் ரோசலினின் மகள் நான்சி மில்லுக்கு வந்தாள். "அத்தை, அம்மாவுக்கு எதக் குடுத்தாலும் பொரையேறுது. திங்கக்கெழம மூக்கு வழியா டியூப் போடுறாங்களாம். அதுக்கப்புறம் வாயில ஒண்ணும் குடுக்கக் கூடாதாம்."

மறுநாள் பூசை முடிந்ததும் டெய்சி சார்லஸிடம் போய் நின்றாள். "ஞாயித்துக்கெழம நானே போறேம்மா. நீங்க இந்தத் தடவ விட்டுருங்க" என்றார் அவர்.

"இன்னைக்கு ஒருக்கா நான் போயிட்டு வாரேன். வாங்கலேன்னா ஞாயித்துக்கெழம நீங்க குடுங்க. அதுக்கு மேல நான் கேக்க மாட்டேன்."

சார்லஸ் பன்னிரண்டாவது அப்பத்தையும் சிமிழில் வைத்தார்.

பதினோரு வீடுகள் முடிந்து அவள் அங்கே போய்ச் சேர்ந்தபோது மணி பத்து. நான்சி முக்காலியில் வெள்ளைத் துணி விரித்து மெழுகுவர்த்தி ஏற்றி வைத்திருந்தாள். வண்டிச் சத்தம் கேட்டபோதே ரோசலின் சுவர்ப் பக்கம் திரும்பியிருக்க வேண்டும். டெய்சி சிமிழை முக்காலியில் வைத்து, முழங்கால் போட்டு, பாவ அறிக்கைச் செபத்தைத் தொடங்கினாள். கடவுளிடம் மட்டுமல்ல, பக்கத்தில் இருக்கிற மனிதர்களிடமும் நான் பாவி என்று சொல்லும் செபம் அது. மாதத்துக்குப் பன்னிரண்டு தடவை சொல்லிப் பழகிய நாக்கு பாதியில் நின்றது.

"மதினி, அன்னைக்குச் சாமியாரு ஊர்லதான் இருந்தாரு."

நான்சி நிமிர்ந்து பார்த்தாள்.

"மதுரைக்குப் போயிட்டாருன்னு நான் சொன்னது பொய்யி. நான் ஆள் அனுப்பவே இல்ல. உங்க தம்பி என் கையப் புடிச்சுக்கிட்டு, 'எனக்கு ஒண்ணும் இல்லல்ல'ன்னு கேட்டாரு. சாமி படியேறி வந்தா அவருக்குத் தெரிஞ்சு போயிரும்னு நெனச்சேன். காலைல பாத்துக்கலாம்னு வச்சேன். காலைல ஆளு இல்ல."

மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. மெழுகுவர்த்தி அணையாமல் இருக்க நான்சி கையை மறைப்பாக வைத்தாள்.

"எனக்குத் தெரியும்டி" என்றாள் ரோசலின், சுவரைப் பார்த்தபடியே. வாய் ஒரு பக்கம் கோணியிருந்ததால் சொற்கள் மெதுவாக வந்தன. "கோவில்பிள்ள சொன்ன அன்னைக்கே தெரியும். உன் வாயால வரட்டும்னு ஏழு வருசமாக் கெடக்கேன்."

"வந்துருச்சுல்ல மதினி."

"வெரசாத்தான் வந்துருக்க."

டெய்சி முழங்காலை விட்டு எழவில்லை. செபத்தை எந்த இடத்தில் விட்டோம் என்று அவளுக்கு நினைவில்லை. திரும்பத் தொடங்குவதா, எழுந்து போவதா என்று தெரியாமல் இருந்தாள்.

"கடைசில தம்பி பயந்தானா?"

"இல்ல மதினி. தூங்குனாப்புல போனாரு. நாந்தான் பயந்தேன்."

ரோசலின் இடது கையைக் கட்டில் சட்டத்தில் ஊன்றி, உடம்பை இந்தப் பக்கம் இழுக்கத் தொடங்கினாள். தூக்கிவிட நான்சி ஓடி வந்தாள். "விடு" என்றாள் ரோசலின். மூச்சு வாங்கிக்கொண்டு, முழுதாகத் திரும்பிப் படுத்தாள். நைட்டிக்கு மேலே கிடந்த துண்டின் முனையை அந்த ஒரு கை தேடிப் பிடித்தது. கோவிலில் நற்கருணை வாங்கும் வரிசையில் நகரும்போது முந்தானையை இழுத்துவிடுவதுபோல அதைத் தலைமேல் இழுத்தாள். வழுக்கித் தோளில் விழுந்தது. மறுபடியும் எடுத்து, நெற்றி வரைக்கும் கொண்டுவந்து, நிற்கிறதா என்று தடவிப் பார்த்தாள்.