டீசல் மண்ணும் என் மூக்கும்

திருச்செங்கோட்டுச் சாலையில் ஒரு பெட்ரோல் பங்க்கை ஒட்டிய தோட்டத்துக் கிணற்றில் டீசல் வாடை வந்தது. எண்பதுகளின் தொடக்கம். பூமிக்கடியில் இருந்த டேங்க்கை எடுக்க, காண்ட்ராக்டர் என்னைச் சூப்பர்வைசராக அனுப்பினார். தோட்டக்காரர் செல்லமுத்து கோபத்தில் இருந்தார். பங்க்கை நடத்திய பாவாயம்மாவோ, "எங்க டேங்க் ஒழுகவே இல்லீங்க" என்று சாதித்தார்.

கிரேனில் டேங்க்கைத் தூக்கியபோது அடியில் சுண்டுவிரல் நுழையும் அளவுக்குத் துரு ஓட்டை. பாவாயம்மா குனிந்து பார்த்தார்.

"ஒழுகித்தான் இருக்குதுங்க. ஆக வேண்டியதைப் பாருங்க."

ஆக வேண்டியது என் பொறுப்பு. டீசல் ஊறிய மண்ணை எல்லாம் தோண்டி எடுக்க வேண்டும். எங்கே நிறுத்துவது என்று அறிய எங்களிடம் இருந்தது ஒரு எளிய வழி. கண்ணாடி பாட்டிலில் ஒரு பிடி மண்ணும் தண்ணீரும் போட்டுக் குலுக்கி வைப்போம். மேலே எண்ணெய்ப் படலம் மினுங்கினால் டீசல் இருக்கிறது, இல்லையென்றால் சுத்தம்.

நான் வேதியியல் பட்டதாரி. பாட்டில் தெளியும்வரை காத்திருப்பது என் தகுதிக்குக் குறைவு என்று நினைத்து, மண்ணை அள்ளி முகர்ந்தே தீர்ப்புச் சொன்னேன்.

எந்தப் பிடியை முகர்ந்தாலும் டீசல். "இன்னும் தோண்டுங்க" என்றேன். மறுபடியும் டீசல். குழி இறங்கிக்கொண்டே போனது.

கடப்பாரை பிடித்திருந்த மாரிமுத்து கேட்டார்: "ஏனுங்க சார், டேங்க் எடுக்கோணும்னுதான் கூப்பிட்டாங்க. கெணறு வெட்டோணும்னு சொல்லலீங்களே?"

மாலையில் காம்பவுண்டுச் சுவரில் ஒரு விரிசல் ஓடியது. பாவாயம்மா பதறி வந்தார்.

"சாமி, செவுரு அந்தப் பக்கம் சாஞ்சா செல்லமுத்து ஊட்டு மாட்டுக் கொட்டாய் மேலதான் உழுகும். போதுமுங்க."

"மண்ணு சுத்தமாகாம நிறுத்த முடியாதும்மா" என்று சொல்லிவிட்டு, கடமை வீரனாகச் சேலம் பஸ் ஏறினேன்.

பஸ் கிளம்பிய சற்று நேரத்தில் கண்டக்டர் குரல் கொடுத்தார். "யாருங்க டீசல் கேன் ஏத்துனது? எறக்குங்க."

எல்லோரும் சீட்டுக்கடியில் பார்த்தார்கள். நானும் குனிந்து தேடினேன். தேடியதோடு விட்டேனா? "டீசல்தாங்க, சந்தேகமே இல்ல. எனக்கு இதுதான் தொழில்" என்று கண்டக்டருக்கு நிபுணர் கருத்தும் சொன்னேன்.

பக்கத்தில் இருந்த அம்மாள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டார். "கேன் இல்லீங்க. இவருதான்."

கண்டக்டர் என்னைப் பின்படிக்கட்டுப் பக்கம் நிற்க வைத்துவிட்டார். சங்ககிரி காற்று முகத்தில் அடித்தபோது புத்தி வந்தது. காலையில் டேங்க்கின் பைப்பைக் கழற்றும்போது டீசல் என் கைகளிலும் சட்டையிலும் கொட்டியிருந்தது. நாள் முழுக்க நான் முகர்ந்தது என் கையை.

மறுநாள் சோப்புப் போட்டு அழுத்தித் தேய்த்துக் குளித்து, வேறு சட்டை போட்டுப் போனேன். பாட்டில்களையும் நன்றாகக் கழுவி, குழியின் நான்கு பக்கத்திலிருந்தும் மண் எடுத்துக் குலுக்கி வைத்தேன். கிணற்றுப் பக்கத்து மண்ணில் மட்டும் படலம் மிதந்தது. மற்ற பக்கங்கள் சுத்தம். பாதிக் குழி என் பெருமைக்காகத் தோண்டியது.

பாவாயம்மாவிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "மொதல்ல செவுத்துக்கு முட்டுக் குடுங்க" என்றார். முட்டுக் கொடுத்து, கிணற்றுப் பக்கம் மிச்சமிருந்த கெட்ட மண்ணை எடுத்துவிட்டு, சுவரோரம் நல்ல மண்ணைக் கொட்டி இறுக்கினோம். சுவர் நின்றது.

கெட்ட மண்ணைப் பள்ளம் ரொப்பக் கேட்டுச் சிலர் வண்டியோடு வந்தார்கள். கொடுக்கவில்லை, கொடுத்தால் டீசல் அவர்கள் கிணற்றுக்குப் போகும். பங்க்கின் பின்புறச் சிமெண்டுத் தரையில் பரப்பி, மழைத் தண்ணீர் ஓடாமல் சுற்றிலும் வரப்புக் கட்டி, வாடை போகும்வரை வெயிலில் புரட்டிப் போட்டோம். கிணற்றையும் பலமுறை இறைத்தோம். கிணறு தெளியும்வரை செல்லமுத்து வீட்டுக்குக் குடிநீரைப் பாவாயம்மாவே டிரம்மில் அனுப்பினார்.

இத்தொழிலுக்கு வருகிற தம்பிகளுக்கு ஒன்று சொல்வேன்: சோதிக்கும் பொருளைத் தொடும் முன் உங்கள் கையைச் சோதியுங்கள்.

ஒரு மழைக்காலம் கழிந்து, கிணற்றுத் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்துச் செல்லமுத்துவிடம் காட்டினேன். படலம் இல்லை. அவர் அதை வெயிலில் தூக்கிப் பார்த்தார். வாளியில் சேந்தி ஒரு கை அள்ளிக் குடித்தார். பிறகு வீட்டைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

"குடத்தை எடுத்துட்டு வா புள்ளே."