கரெண்ட் இருக்கே, டார்ச் எதுக்கு?

பிள்ளைகளே, இந்த வாரம் உங்களைச் சிரிக்க வைக்க என்னிடம் ஒன்றும் இல்லை. போன ஞாயிற்றுக்கிழமை நான் செய்த ஒரு தப்பைச் சொல்கிறேன். திட்டவேண்டும் என்று தோன்றினால் தாராளமாகத் திட்டுங்கள்.

பொம்மனஹள்ளியில் நாங்கள் குடியிருக்கும் பில்டிங்கில் பிள்ளைகளுக்கு மாறுவேடப் போட்டி. மொட்டை மாடியில் ஷாமியானா. பத்திரிகையில் எழுதுகிற ஆள் என்று மைக்கை என் கையில் கொடுத்துவிட்டார்கள். பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவனுக்கு மைக் கிடைத்தால்... கேட்கவா வேண்டும்?

என் மகள் காவ்யாவும் எதிர்வீட்டு சஃபியாவும் தினமும் சாயங்காலம் எங்கள் வீட்டு டிவியில் ஒரு கார்ட்டூன் தொடர் பார்ப்பார்கள். அதில் நூரி என்ற முஸ்லிம் பெண்தான் சூப்பர் ஹீரோ. முகமூடி கிடையாது, முதுகில் பறக்கும் துணி கிடையாது. தலையில் நீல ஸ்கார்ஃப், கையில் ஒரு டார்ச் – அவ்வளவுதான். அந்த டார்ச்சை அடித்தால், ஊரையே மிரட்டிய பேய் வெறும் நிழல் என்று தெரிந்துவிடும். சுத்தமாகத் தெரிகிற தண்ணீரில் கிருமி நெளியும். ஏன், எப்படி என்று அவளே விளக்குவாள். எனக்கே பாதி விஷயம் அவள் சொல்லித்தான் தெரியும்!

போட்டிக்கு காவ்யா நூரியாக வந்தாள். ஸ்கார்ஃப் சஃபியாவுடையது. கட்டிவிட்டதும் சஃபியாதான்.

"வந்துட்டா பாருங்க நம்ம நூரி!" என்று மைக்கில் கத்தினேன். ஒரே கைதட்டல்.

பின்னாலேயே சஃபியா வந்தாள். நீல ஸ்கார்ஃப். கையில் டார்ச்.

"என்னம்மா, நீ வேஷம் போடலையா?" என்றேன்.

டார்ச்சைத் தூக்கிக் காட்டினாள்.

"கரெண்ட் இருக்கே, டார்ச் எதுக்கு?" – இதையும் மைக்கில்தான் கேட்டேன். கூட்டம் சிரித்தது. நானும் சிரித்தேன். "ஓடிப்போய் டிரெஸ் மாத்திட்டு வாடா கண்ணு."

போனாள். திரும்பி வரவில்லை.

காவ்யா என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "அப்பா, அவளும் நூரிதான்ப்பா! ரெண்டு பேரும் ஒண்ணா வரணும்னு பிளான் பண்ணோம். பாத்தா தெரியலயா ஒனக்கு?"

தெரியவில்லையே! தினமும் ஸ்கார்ஃபோடு பார்க்கிற பிள்ளை. அதே துணி என் மகள் தலையில் ஏறினால் சூப்பர் ஹீரோ. சஃபியா தலையில் இருந்தால்... வேஷம் போடாத எதிர்வீட்டுப் பெண். என்ன கண் இது?

அன்று சாயங்காலமே அவர்கள் வீட்டுக்குப் போனேன்.

"விடுங்கண்ணா, பசங்க விஷயம். நாளைக்கே மறந்துடுவா. சாய் போடட்டா?" என்றார் சஃபியாவின் அம்மா. அந்த மரியாதைதான் இன்னும் குத்தியது.

சஃபியாவிடம் மன்னிப்புக் கேட்டேன்.

"பரவால்ல அங்கிள்" என்றாள். பிறகு, கணக்கில் சந்தேகம் கேட்கிற மாதிரிக் கேட்டாள்: "நான் என்ன போட்டுட்டு வந்திருந்தா, நூரின்னு உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்?"

சாய் ஆறிப்போனதுதான் மிச்சம்.

ஒரு வாரமாகிறது. அவள் எங்கள் வீட்டுக்கு டிவி பார்க்க வரவில்லை. காவ்யா சோபாவில் ஓரமாக, பக்கத்தில் ஓர் ஆள் உட்காரும் அளவு இடம் விட்டு உட்கார்ந்து பார்க்கிறாள். என்னோடு அதிகம் பேசுவதில்லை.

'சாரி' சொன்னால் எல்லாம் சரியாகிவிடும் என்று முன்பு ஒருமுறை இதே பக்கத்தில் உங்களுக்கு எழுதியிருந்தேன் – தயவுசெய்து அந்த வரியை அடித்துவிடுங்கள்.