கண்டக்டரின் கைப்பேச்சு

அந்த பஸ் கண்டக்டரை டிரைவர் முதல் சொந்த அண்ணன் வரை எல்லோரும் ரேடியோ என்றுதான் கூப்பிட்டார்கள். அவ்வளவு பேச்சு. ஸ்டாப் பெயரைக் கத்திக் கத்தி ஒருநாள் தொண்டை அடியோடு போய்விட்டது. டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "இருபத்தோரு நாள் வாயே திறக்கக் கூடாது. முணுமுணுக்கவும் கூடாது," என்றார்.

செய்தி தெரிந்ததும் அண்ணி விழுந்து விழுந்து சிரித்தார். அவருக்குப் பிறவியிலேயே காது கேட்காது. முன்னறையில் தையல் மிஷின் போட்டிருந்தார். ஆறு வருஷம் ஒரே வீட்டில் இருந்தும் கொழுந்தனாருக்குத் தெரிந்த சைகை மூன்றுதான்: சாப்பாடு, சாவி, அண்ணன் எங்கே.

மறுநாளே கண்டக்டர் சைகை கற்க மிஷினுக்கு எதிரே ஸ்டூல் போட்டு உட்கார்ந்துவிட்டார். கற்றதை வாய்ப்பேச்சின் வரிசையிலேயே சொல்லுக்கு ஒரு சைகையாக அடுக்கினார். அண்ணியின் கைகள் ஏதோ சொல்ல, அண்ணன் அதைக் குரலில் சொன்னார்: "டேய், நீ கையால எழுத்துக்கூட்டிப் படிக்கிறியாம்."

பூனை ஒன்று மதிலேறி வழுக்கி விழுந்ததைச் சொல்ல கண்டக்டருக்குப் பன்னிரண்டு சைகை ஆனது. அண்ணி இடது கையை மதிலாக நிறுத்தினார். வலது கையின் இரண்டு விரல்கள் ஏறின, வழுக்கின. விழுந்த பூனை, யாரும் பார்க்கவில்லை என்பதுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டது. மூன்றே நொடி.

கேள்வி கேட்க வாய்ப்பேச்சில் கடைசியில் ஒரு 'ஆ' போதும். இங்கே அந்த 'ஆ' புருவத்தில் இருந்தது. அதைத் தூக்க மறந்து அவர் "சாப்பாடு வேண்டாமா?" என்று கேட்க, "சாப்பாடு வேண்டாம்" என்று ஆகி, அண்ணி பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்துவிட்டார்.

பதினைந்தாம் நாள் அண்ணியின் தோழிகள் மூவர் சாப்பிட வந்தார்கள். வாய் நிறையச் சோறு, கைப்பேச்சு மட்டும் நிற்கவே இல்லை. கண்டக்டருக்கு இப்படி ஒரு வசதி இத்தனை நாளாகத் தெரியாமல் போயிற்றே என்றிருந்தது. பஸ் வாசலில் மெத்தையோடு சிக்கிக்கொண்ட ஒரு பயணியின் கதையை எடுத்துவிட்டார். கைகள் வாசலாயின, மெத்தையாயின. கன்னம் உப்பிப் பயணியானது. ஒரு தோழிக்குப் புரையேறியது, இன்னொருவர் நாற்காலியிலிருந்து சரிந்தார். அன்று முழுக்க அவருக்குக் கால் தரையில் பாவவில்லை.

குரல் திரும்பிய அன்று ஓடிவந்து, வாயாலும் கையாலும் ஒரே நேரத்தில் அண்ணியிடம் கதை சொன்னார். வாய் முந்தியது, கை குழம்பியது. கைக் கதையில் பயணியின் மேல் பஸ் ஏறிவிட்டது. அண்ணி அவர் தாடையைப் பிடித்து மூடினார்.

"வாய மூடிக்கிட்டுப் பேசு," என்றன கைகள்.

அடுத்த வாரம் பஸ் சிக்னலில் நின்றபோது எதிர்ச்சாரி நடைபாதையில் அண்ணி. கண்ணாடிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் கைகள் பறந்தன.

"யாருப்பா அது, சண்டையா?" என்றார் டிரைவர்.

"எங்க அண்ணி. பேன்ட் தைக்க வந்தவரு அளவு குடுத்த கூத்தச் சொல்றாங்க. கொஞ்சம் இருங்க, இடுப்புலதான் நிக்குது."

விளக்கு பச்சையானது. கண்டக்டர் பயணிகளை விலக்கிக்கொண்டு பின் கண்ணாடிக்கு ஓடினார். மிச்சக் கதை தெருமுனை வளைவு வரைக்கும் வந்தது.