கலஃபிடம் யார் சொல்வது

காப்பிக் கிண்ணங்களைக் கழுவிக்கொண்டிருந்தாள் என் நாத்தனார் நூஃபா. கழுவக் கழுவ முன்னறையிலிருந்து எச்சில் கிண்ணங்கள் வந்துகொண்டே இருந்தன. நாடாளுமன்றத் தேர்தலுக்கு முன்னால் கரக் பக்கத்துக் குலங்கள் தங்களுக்குள் ஓட்டுப்போட்டு ஒருவரை நிறுத்துவது வழக்கம். எங்கள் குலத்தில் இந்த முறை போட்டி என் கணவர் கலஃபுக்கும் அவருடைய சித்தப்பா மகன் துர்க்கிக்கும். வருகிறவர்களுக்கெல்லாம் எங்கள் வீட்டில் காப்பி.

நூஃபா வாரத்தில் ஐந்து நாள் தலைநகர் அம்மானில் இருப்பாள். கருத்துக்கணிப்பு நிறுவனம் ஒன்றில், போனில் முகம் தெரியாதவர்களைக் கூப்பிட்டு யாருக்கு ஓட்டு என்று கேட்கிற வேலை. பதில் பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் குரலில் காட்டக்கூடாது. முன்பு அவளைப் பெண் கேட்டு வந்த மாப்பிள்ளை வீட்டார், கேட்டது கிடைக்கும்வரை குடிப்பதில்லை என்ற எங்கள் வழக்கப்படி, காப்பியைத் தொடாமல் தரையில் வைத்தார்கள். என் மாமனார் “குடிங்க, பொண்ணு உங்களுதுதான்” என்றார். அந்த ஒரு சொல்லில் அவள் கல்யாணம் முடிவாகிவிட்டது. கொஞ்ச வருஷத்தில் பிள்ளை இல்லையென்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். “என்னை யாரும் கேக்கல அண்ணி. அதான் இப்ப நாட்டையே கேக்கறேன்” என்று சிரிப்பாள்.

கலஃபும் அந்தக் கிண்ணத்தைத்தான் நம்பினார். ஒவ்வொரு வீட்டிலும் காப்பியைத் தரையில் வைப்பார். “உன் ஓட்டைச் சொல்லு, அப்பறம் குடிக்கறேன்.” வீட்டுக்காரர், “குடிங்க வாத்தியாரே, சந்தோஷமா இருங்க” என்பார். விருந்தாளியைக் காப்பி குடிக்காமல் எழுப்பி அனுப்ப எங்கள் ஊரில் யாருக்கும் மனசு வராது.

“குடிக்காத வீடே இல்ல,” என்றார் அன்று சமையலறை வாசலில் நின்று.

“துர்க்கி அண்ணனும் அதே வீடுகள்லதானே குடிச்சாரு,” என்றாள் நூஃபா.

“போன்ல பேசறவளுக்கு மனுஷங்க முகம் எப்படித் தெரியும்?”

அரசுப் பள்ளி ஆசிரியர் தேர்தலில் நிற்க வேண்டுமானால் வேலையை விட வேண்டும். குலத்து ஓட்டு முடியும்வரை பொறுக்கலாம். ஆனால் துர்க்கியின் ஆட்கள், “வாத்தியார் ஒரு கால வகுப்புல வெச்சிக்கிட்டே ஓட்டு கேக்கறாரு” என்று கேலி செய்திருந்தார்கள். இவருக்கு அது தாங்கவில்லை. ஓய்வூதியத்துக்குச் சில வருஷமே பாக்கி இருக்கும்போது, வெள்ளி, சனி விடுமுறை கழிந்து பள்ளி திறக்கும் ஞாயிற்றுக்கிழமை ராஜினாமா கொடுப்பதாகச் சொல்லிவிட்டார்.

நூஃபா தன்னோடு வேலை செய்யும் இர்பித் ஊர்ப் பெண் ரீமிடம் சொல்லி, எங்கள் குலத்துப் பெண்களைக் கூப்பிடச் செய்தாள். வெளியூர்க்காரியிடம் எல்லோரும் மனசைத் திறந்திருக்கிறார்கள்.

“என்னதான் சொன்னாங்க?” என்றேன்.

“மூணுல ஒருத்தர்கூட அண்ணனுக்கு இல்ல அண்ணி. எங்க பெரியம்மா சொல்றாங்க, துர்க்கி ராத்திரி வண்டியெடுத்து அவங்களை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனானாம். இன்னொருத்தி, வாத்தியார் நல்லவர்தான், ஆனா எம்பையனைக் கணக்குல பெயிலாக்கினவர்னு சொல்லியிருக்கா.”

“பெயிலானவன் பெயில்தானே.”

“அதை அவ ஒத்துக்கலியே.”

அன்றே அவரிடம் சொன்னேன். அவர் சிரித்தார். “உனக்கு நான் வேலையை விடறது பயம். நூஃபா வாயால சொல்லட்டும்.”

வெள்ளிக்கிழமை, சாப்பாடு முடிந்து அவளை முன்னறைக்குக் கூப்பிட்டார். அவள் ஊற்றிக் கொடுத்த காப்பியை வாங்கி, விளையாட்டுப்போலத் தரையில் வைத்தார். விளையாட்டில்லை, கண்ணை அவள் முகத்திலிருந்து எடுக்கவில்லை.

“ஊரையெல்லாம் எண்ணறவளே, எனக்குச் சொல்லு. ஜெயிப்பனா?”

நூஃபா என்னைப் பார்த்தாள். பிறகு அண்ணனைப் பார்த்தாள். அந்த முகத்தில் என்ன இருந்ததோ.

“குடிங்கண்ணே,” என்றாள். “ஆறிடப்போகுது.”

அவர் ஒரே மடக்கில் குடித்தார். ஞாயிற்றுக்கிழமை பள்ளிக்கூடம் போய் ராஜினாமாவைக் கொடுத்துவிட்டு வந்தார்.

குலத்து மண்டபத்தில் பெட்டியைக் கொட்டி எண்ணியபோது ரீம் சொன்னதைவிடவும் குறைவாகவே விழுந்திருந்தது. மறுநாள் ஆறுதல் சொல்ல ஊரே வந்தது. “நாங்க உங்களுக்குத்தான் போட்டோம் வாத்தியாரே” என்று ஒவ்வொருவரும் அவர் தோளில் கைவைத்துச் சொல்லிவிட்டு, சோறும் ஆட்டுக்கறியும் சாப்பிட்டுப் போனார்கள். அவர் வகுப்புக்கு வேறு ஆள் வந்துவிட்டார் என்று சொன்னவர்களும் அவர்களேதான்.

கூட்டம் கலைந்தபின் நாங்கள் மூவர்தான்.

“அந்த இர்பித் பொண்ணு கேட்டுச் சொன்னது உண்மையா?” என்றார் கலஃப்.

“உண்மைதாண்ணே.”

“வெள்ளிக்கிழமை உனக்குத் தெரியும்.”

“தெரியும்.”

“போன்லயாவது சொல்லியிருக்கலாமே நூஃபா. என் முகத்தைப் பாக்காம.”

அவள் அவர் முன்னாலிருந்த காலிக் கிண்ணத்தை எடுத்துத் தட்டில் வைத்தாள்.

“சொல்லியிருந்தா, ராஜினாமா கொடுக்காம இருந்திருப்பீங்களாண்ணே?”

கலஃப் எழுந்தார். செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு, எங்கள் இருவர் பக்கமும் திரும்பாமல் வெளியே போனார்.