உம்மா காரைப் பார்க்க வந்த நாட்கள்

மண்ணெண்ணெயும் துருவும் கலந்த மணம்... எங்கே முகர்ந்தாலும் எனக்கு என் கலியாண வாரம்தான் ஞாபகம் வரும்.

சுனாமி வாப்பாவைக் கொண்டுபோனது. அவருடைய பழைய மைனர் காரை மட்டும் கல்முனைக்குடி வீட்டு மதிலோடு சாய்த்துவிட்டுப் போனது. எஞ்சினை எப்படியோ ஓட வைத்தோம். பின் சில்லு பிரேக்குகள்தான் உப்பில் இறுகிக் கிடந்தன. வருஷங்கள் போய், நாட்டில் சண்டையும் முடிந்து, எனக்கு நிந்தவூரில் பெண் பேசினார்கள்.

"வாப்பாட காருலதான் நீ பொண்ணூட்டுக்குப் போகணும் மனே," என்றார் உம்மா.

எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டில் போய்க் குடியிருப்பான். நானோ ஒரே பிள்ளை. உம்மா தனித்துப் போவாரே என்பதுதான் என் கவலை. சும்மா சும்மா சம்பந்தி வீட்டுக்கு வரவும் அவருக்குக் கூச்சம்.

கூட்டாளி ரிஸ்வான் மீன்பிடி போட் எஞ்சின் திருத்துகிறவன். ட்ரம்மைத் தட்டித் தட்டிக் கழற்றி, இறுகிய பிரேக் சிலிண்டரை மண்ணெண்ணெயில் கழுவித் துப்புரவாக்கி, புது ரப்பரும் போட்டான். அவனுக்கு எல்லா வருத்தத்துக்கும் ஒயில்தான் மருந்து. ரப்பர் வழுக்கிப் போகட்டும் என்று போட் எஞ்சின் ஒயிலைத் தாராளமாகப் பூசிவிட்டான்.

"இனிப் பத்து வரிசத்துக்குக் கைவைக்கத் தேவல்ல மச்சான்!"

கலியாணத்தன்று காரைதீவு வரைக்கும் நல்லாத்தான் ஓடியது... பிறகு பிரேக் மிதிக்க மிதிக்க கார் முனகியது. பெண் வீட்டு வாசலில் ரிஸ்வான் கடைசியாக ஒரு மிதி மிதித்தான். நின்றது. நின்றதுதான், பிடித்த பிரேக் விடவே இல்லை!

"மாப்புள திரும்பி ஓடாம காரே காவல் நிக்கிது," என்று பெண்கள் சிரித்தார்கள். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

மறுநாள் பாண்டிருப்பிலிருந்து மெக்கானிக் பாஸ் ஒருவர் வந்தார். சண்டைக் காலமென்றால் இவ்வளவு தூரம் வர யோசித்திருப்பார். ரப்பரைக் கையில் எடுத்தவர் தலையில் அடித்துக்கொண்டார்.

"ஆர் தம்பி இதுக்கு எஞ்சின் ஒயில் பூசின? ஊதிப்போய்க் கிடக்கு!"

சாமான் கொழும்பிலிருந்து வர வேண்டும், இரண்டு கிழமை பிடிக்கும் என்றார்.

அடுத்த நாள் காலை பஸ்ஸில் வந்து இறங்கினார் உம்மா. கையில் பொரித்த மீன் பொதி.

"காரப் பாத்திட்டுப் போகலாமெண்டு வந்த..."

காரை ஒரு நிமிஷம் பார்த்தார். என்னை ஒரு மணித்தியாலம் பார்த்தார். அந்த இரண்டு கிழமையும் அப்படித்தான்.

பாஸ் திருத்தித் தந்த அன்று பிரேக் அழகாகப் பிடித்தது, அழகாக விட்டது. எனக்குத்தான் சந்தோஷம் வரவில்லை.

மறுநாளும் உம்மா வந்தார். "கார் சரிவந்திட்டா மனே?"

"இன்னும் இல்ல உம்மா... கொஞ்சம் இழுக்கிது."

பக்கத்தில் நின்ற என் மனைவி சிரிப்பை முக்காட்டுக்குள் மறைத்தாள். இரண்டு கிழமையாய் வாசலில் கிடந்த கார், கழுவித் துடைத்து வளவுக்குள் நிற்கிறது! உம்மா அதை மேலும் கீழும் பார்த்தார்.

"ஓம்... அவசரப்பட்டுச் செய்யப்படாது," என்றார்.

இப்போது என்னிடம் புதுக் கார். பிரேக்கில் ஏதும் பிழையென்றால் அதுவே விளக்குப் போட்டுச் சொல்லிவிடும். உம்மாவுக்கு வயது போய்விட்டது, பஸ் ஏற ஏலாது. தினமும் வீடியோ கால்தான். சலாம் சொன்ன கையோடு முதல் கேள்வி மட்டும் மாறவில்லை.

"கார் சரிவந்திட்டா மனே?"

"இன்னும் இல்ல உம்மா... நாளைக்குக் கூட்டிவர வாறன், வந்து பாருங்க."