மெதுவாகப் பேசிய வழிகாட்டி

தீபாவளி சீசன் முடிந்ததும் எங்கள் பட்டாசுக் கம்பெனியில் சுற்றுலா கூட்டிப்போனார்கள். காலையில் பழைய கோயில்கள், மாலையில் காடு. வழிகாட்டி திருத்தங்கல்காரர், ஒல்லியான மனிதர். கோயிலிலும் சரி, காட்டிலும் சரி, காதருகே வந்து மெதுவாகத்தான் பேசுவார்.

காட்டுப் பாதையில் ஒற்றை யானை எங்கள் ஜீப்பை மறித்து நின்றது. எதற்கும் இருக்கட்டும் என்று நான் லட்சுமி வெடியும் தீப்பெட்டியும் கொண்டுபோயிருந்தேன். பைக்குள் கையை விட்டேன். வழிகாட்டி என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"என்னண்ணே அது?"

"வெடிங்க. ஒண்ணு போட்டா ஓடிராதா?"

"ஓடும். எந்தப் பக்கம்னு நீங்க சொல்வீகளா?"

யானை தானாகவே விலகிப் போனது. அதற்குப் பிறகும், முகாம் வந்து சேரும்வரை அவர் என் கையை விடவில்லை. யானைக்குப் பயந்தாரா, எனக்குப் பயந்தாரா என்று இன்றும் தெரியவில்லை.